களிமண்ணில் வைப்ரோ ஓடும்போது தரைக்குள் என்ன நடக்கிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கும் ஜூருவுக்கும் இடையில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கும் நண்பர் கேட்டதன் சாரம் இது. வீட்டுப் பின்சுவரிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளியுள்ள காலி நிலத்தில், நிலத்தடித் தொட்டி கட்டுவதற்காக ஷீட் பைல் (குழியின் மண் சரியாமல் தடுக்க வரிசையாக இறக்கும் இரும்புத் தகடுகள்) இறக்குகிறார்கள். அதிரவைத்து இறக்கும் வைப்ரோ ஹாமர்தான். தரை கடல் களிமண். இயந்திரம் ஓடும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி சலசலக்கிறது. “இந்த அதிர்வில் களிமண் கூழாகி வீடு இறங்கிவிடுமா? இதற்குப் பதில் பழையபடி ஹாமரால் அடிக்கச் சொல்லலாமா? முதல் நாள் மளமளவென்று இறங்கிய பைலைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வந்தால் ஏன் அசைய மறுக்கிறது?”

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். களிமண் கூழாவது உண்மை. ஆனால் அது பைலை ஒட்டி ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒரு முழத்துக்குள் நடக்கிற காரியம். 9 மீட்டர் தள்ளி உங்கள் வீட்டுக்கடியில் இருக்கும் களிமண் அந்த அதிர்வைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது சத்தம் போடும் இந்த நாட்களைப் பற்றி அல்ல. குழி தோண்டும் நாட்களைப் பற்றியும், வேலை முடிந்து அந்தப் பைலைப் பிடுங்கும் நாளைப் பற்றியும்தான். ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பெயரில் ஹாமர் இருந்தாலும் வைப்ரோ எதையும் அடிப்பதில்லை. அதன் பெட்டிக்குள் ஒருபக்கம் கனத்த எடைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மேலும் கீழுமான விசை மட்டும் மிஞ்சும். கீழே உள்ள கவ்வி பைலின் தலையை இறுகப் பிடித்திருப்பதால், ஹாமரும் பைலும் ஒரே உடம்பாக விநாடிக்கு 25, 30 முறை ஏறி இறங்கும். பைலை உண்மையில் கீழே கொண்டுபோவது அந்த இரண்டின் சொந்த எடைதான். அதிர்வின் வேலை, மண்ணின் பிடியைத் தளர்த்திவிடுவது. சோவியத் நாட்டில் பார்கன் போன்றவர்கள் 1940களிலேயே ஷீட் பைலுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இந்த முறை பேர் வாங்கியது பெரும்பாலும் நீர் நிறைந்த மணலில். அந்தப் பேரை அப்படியே களிமண்ணுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவதில்தான் சைட்டில் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

மணல் கதை எளிது. படியில் அரிசி அளக்கும்போது குலுக்கினால் மட்டம் இறங்குகிறதே, அதேதான். துகள்கள் நெருங்கப் பார்க்கும், நடுவில் உள்ள நீர் வழிவிட நேரமில்லாமல் அழுத்தம் ஏறும். மண்ணின் பலம் அதன்மேல் ஏறிய மொத்தப் பாரத்தில் இல்லை, அதில் நீர் சுமக்கும் பங்கைக் கழித்தபின் துகளோடு துகள் அழுந்தும் பங்கில்தான் இருக்கிறது என்பது 1920களில் தெர்சாகி சொல்லிவைத்த கணக்கு. நீர் அழுத்தம் முழுப் பாரத்தையும் எட்டிவிட்டால் மணல் திரவம்போல ஆகிவிடும், பைல் தானாக இறங்கும். இயந்திரம் நின்றதும் நீர் வடியும், மணல் முன்பைவிட நெருக்கமாக உட்காரும். அதனால்தான் தளர்ந்த மணலில் வைப்ரோ ஓட்டினால் பக்கத்துத் தரை உடனே, கண்முன்னே இறங்கும். கோலாலம்பூரில் பழைய ஈயச் சுரங்க மணல் கொட்டிக் கிடக்கும் இடங்களில் பயப்படுவது இதற்குத்தான்.

களிமண்ணுக்கு இந்தக் கதை பொருந்தாது. அதன் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தகடு வடிவம், ஒவ்வொன்றும் நீரைத் தன்னோடு கட்டிவைத்திருக்கும். துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பது உராய்வால் மட்டுமல்ல, மேற்பரப்பு மின்னூட்டத்தாலும்தான். நீர் ஊடுருவும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. அழுத்தச் சரிவு ஒன்றுக்கொன்று என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். வைப்ரோ பத்து நிமிடம் ஓடுகிறது. அதற்குள் களிமண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வெளியேறப் போவதில்லை. நீர் வெளியேறாவிட்டால் கொள்ளளவு குறையாது. கொள்ளளவு குறையாவிட்டால் அதிர்வினால் மட்டும் தரை அமுங்க வழியில்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் பைல் எப்படித்தான் இறங்குகிறது? களிமண்ணின் கட்டமைப்பைப் பிசைந்து உடைப்பதால். இங்கேதான் நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செபராங் பிறைக் கடலோரச் சமவெளியில் மேலே கிடப்பது கடைசிப் பனியுகத்துக்குப் பின் கடல் உள்ளே வந்தபோது படிந்த களிமண். நிலவியல் வரைபடங்களில் கூலா படிவம் என்று இருக்கும். சாம்பல் அல்லது பச்சை கலந்த சாம்பல் நிறம், சிப்பித் துண்டுகள், மட்கிய மரக்குச்சிகள். மேலே ஒன்றிரண்டு மீட்டர் வெயிலில் காய்ந்து இறுகிய ஓடு. அதன்மேல் நின்றால் தரை கெட்டி என்றே தோன்றும். கீழே போனால் வெட்டு வலிமை (மண் வழுக்கி உடையாமல் எதிர்க்கும் பலம்) 10, 15 கிலோபாஸ்கல் என்று இருக்கும், ஆழம் கூடக்கூட மெல்ல ஏறும். நீரின் அளவு திரவ எல்லையை, அதாவது பிசைந்தால் மண் கூழாக ஓடத் தொடங்கும் அளவை, தொட்டுக்கொண்டோ தாண்டியோ இருப்பது சாதாரணம். இந்த மேற்குக் கரைக் களிமண் எவ்வளவு சோனி என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1980களின் இறுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் ஜொகூரின் மூவாரில் சோதனைக் கரைகள் கட்டியது. அதில் ஒன்றை வேண்டுமென்றே இடிந்து விழும்வரை உயர்த்தினார்கள், எந்த உயரத்தில் விழும் என்று வல்லுநர்களை முன்கூட்டியே கணிக்கவும் சொன்னார்கள். மண்மேடு 5.4 மீட்டரில் சரிந்தது. இரண்டு மாடி வீட்டின் உயரம்கூட இல்லை.

இந்தக் களிமண்ணுக்கு இன்னொரு குணம், பிசைந்தால் பலம் குறைவது. குலையாத நிலையில் உள்ள வலிமையை, நன்றாகப் பிசைந்தபின் மிஞ்சும் வலிமையால் வகுத்தால் வருவதைச் சென்சிட்டிவிட்டி என்பார்கள். இங்கே 4, 5 என்று வருவது சகஜம். நார்வேயிலும் கனடாவிலும் 30க்கு மேல் போகும் களிமண் உண்டு, அது உடைந்தால் உண்மையிலேயே ஆறாக ஓடும். 1978இல் நார்வேயின் ரிஸ்ஸாவில் ஒரு பண்ணைவீட்டுக் களஞ்சியத்துக்காகத் தோண்டிக் கொட்டிய கொஞ்சம் மண் போதுமானதாக இருந்தது, ஒரு பெரிய நிலப்பரப்பே ஏரிக்குள் வழிந்துபோக. நம் மண் அந்த ரகம் இல்லை. இணையத்தில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ராத்திரித் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது எண்ணை வைத்துப் பார்ப்போம். நம் ஊரில் அதிகம் புழங்கும் நான்காம் ரக ஷீட் பைல் 400 மில்லிமீட்டர் அகலம், மீட்டருக்கு 76 கிலோ எடை. 12 மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய 910 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து மண்ணோடு ஒட்டும் பரப்பு 15 சதுர மீட்டர் சுற்றளவில் வரும். களிமண்ணின் சராசரி வலிமை 16 கிலோபாஸ்கல், சென்சிட்டிவிட்டி 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். குலையாத மண் அந்தப் பைலைப் பிடிக்கும் பிடி 15×16, அதாவது 240 கிலோநியூட்டன். பிசைந்தபின் அது 60ஆகக் குறைகிறது. 4 டன் ஹாமரும் 0.9 டன் பைலும் சேர்ந்த எடையே 48 கிலோநியூட்டன் வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு அதிர்விசை கொஞ்சம் கைகொடுத்தால் போதும். நீங்கள் பார்த்த “மளமள” இதுதான். ஆபரேட்டர் கேபிளைப் பிடித்து வைத்திருக்காவிட்டால் பைல் கையைவிட்டுப் போய்விடும் அளவுக்கு இறங்கும்.

மறுநாள் காலையில் நடந்ததும் இதே கணக்கின் மறுபக்கம். பிசைந்த களிமண்ணை அசைக்காமல் விட்டால் அது மறுபடி இறுகத் தொடங்கும். ஒன்று, துகள்கள் தங்கள் பற்றைத் தாமாகவே மீட்டுக்கொள்கின்றன. இது மணிக்கணக்கிலேயே தெரியும். இன்னொன்று, பைலை ஒட்டி ஏறியிருந்த நீர் அழுத்தம் மெல்ல வெளிப்பக்கம் வடிகிறது. ஷீட் பைல் தகடு சன்னமானது என்பதால் அது நாட்கணக்கில் முடியும். பெரிய ஸ்பன் பைலுக்கு (உருளை வடிவக் கான்கிரீட் பைல்) வாரங்கள், கூட்டமாக இறக்கியிருந்தால் மாதங்கள். காரணம், வடிய எடுக்கும் நேரம் பைலின் தடிமனின் வர்க்கத்தோடு கூடும். ராத்திரிக்குள் 60ஆக இருந்த பிடி 120, 150 ஆகிவிட்டால், முந்தின நாள் போதுமாயிருந்த அதே இயந்திரம் இன்று தடுமாறும். அதனால் களிமண்ணில் ஒரு பைலைத் தொட்டால் இறக்கி முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். டீசல் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற பைலுக்காகப் பெரிய ஹாமரை வாடகைக்கு எடுத்துவரும் கூத்து எல்லா இடத்திலும் நடக்கிறது.

ஹாமரைத் தேர்ந்தெடுப்பதிலும் களிமண்ணுக்கு மணலின் புத்தி உதவாது. மணலுக்கு வேண்டியது முடுக்கம், அதாவது வேகமாகக் குலுக்குவது. களிமண்ணுக்கு வேண்டியது வீச்சு, அதாவது பைல் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும் தூரம். களிமண் பைலோடு ஒட்டிக்கொண்டு மீள்தன்மையோடு கூடவே ஏறி இறங்கும். பைலின் அசைவு அந்த எல்லைக்குள் இருக்கும்வரை மண் வழுக்காது, உடையாது, நீங்கள் ஓட்டும் சக்தி முழுவதும் அலையாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். பைலும் மண்ணும் ஒன்றாக ஆடுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பைலைச் சுற்றித் தேங்கிய தண்ணீரும் தரையும் சேர்ந்து துடித்தால், ஆனால் பைல் இறங்காவிட்டால், மண் வழுக்கவில்லை என்று பொருள். வழுக்கத் தொடங்கியதும் பைலையொட்டி ஒரு சன்னமான பிளவு திறக்கும், அதில் குழம்புபோல சாம்பல் நிறச் சேறு மேலே வரும், சுற்றுத் தரையின் துடிப்பு அடங்கும்.

30 கிலோ-மீட்டர் மையவிலகு திருப்பம் (சுழலும் எடையை, அது மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தால் பெருக்கியது) கொண்ட ஹாமர், அதிரும் மொத்த எடை 6 டன் என்றால், காற்றில் முழு வீச்சு 10 மில்லிமீட்டர். 30 ஹெர்ட்ஸில் அது தரும் விசை ஏறக்குறைய 1,070 கிலோநியூட்டன். இன்னொரு ஹாமர் 38 ஹெர்ட்ஸில் சுற்றி அதே விசையைத் தரும், ஆனால் அதற்கு 19 கிலோ-மீட்டர் போதும், வீச்சு 6 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். மண்ணுக்குள் போனதும் அது இன்னும் சுருங்கும். விலைப்பட்டியலில் விசை மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றே என்று குத்தகையாளர் நினைப்பார். மணலில் சரி. களிமண்ணில் இரண்டாவது ஹாமர் பைலைச் சூடாக்குவதோடு சரி.

கெட்டிக் களிமண் வந்தால் நிலைமையே வேறு. வலிமை 75, 100 கிலோபாஸ்கலைத் தாண்டிய, சென்சிட்டிவிட்டி குறைந்த மண்ணில் பிசைந்து கிடைக்கும் லாபம் சொற்பம். அதோடு, களிமண்ணை எவ்வளவு வேகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். வேகம் 10 மடங்கு கூடினால் வலிமை ஏறக்குறைய 10 விழுக்காடு ஏறும். மென்மையான மண்ணில் பிசைதல் ஜெயிக்கிறது, கெட்டி மண்ணில் இந்த எதிர்ப்பு ஜெயிக்கிறது. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு அரை மீட்டருக்குக் கீழே விழுந்தபின்னும் பிடிவாதமாக ஓட்டிக்கொண்டிருந்தால், ஷீட் பைலின் பூட்டுக்காதுகள் ஒன்றோடொன்று உராய்ந்து புகையும், கிரீஸ் கருகும் நாற்றம் வரும், பக்கத்துப் பைலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தில் வைப்ரோவை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்கு ஹாமரால் அடிப்பதே நல்லது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மண் எவ்வளவு வெட்டிழுபடுகிறது என்று பார்க்க ஒரு எளிய வகுத்தல் உண்டு: மண்ணின் துகள் அதிரும் வேகத்தை, அந்த மண்ணில் வெட்டலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு பரவும் அலை) ஓடும் வேகத்தால் வகுக்க வேண்டும். நம் களிமண்ணில் வெட்டலை விநாடிக்கு 80, 100 மீட்டர் ஓடும். உங்கள் வீட்டருகே விநாடிக்கு 3 மில்லிமீட்டர் வேகம் என்று கருவி காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், அது நன்றாகவே உணரக்கூடிய அதிர்வு. 0.003ஐ 80ஆல் வகுத்தால் 0.004 விழுக்காடு திரிபு, அதாவது மண் உருக்குலையும் அளவு. களிமண்ணில் நீர் அழுத்தம் ஏறத் தொடங்கவே இதைப்போல் சுமார் 10 மடங்கு வேண்டும். அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் முறை குலுக்கினாலும் மண் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பைலின் தோலில் என்ன நிலை? 5 மில்லிமீட்டர் அரைவீச்சு, 30 ஹெர்ட்ஸ், வேகம் விநாடிக்கு 0.94 மீட்டர். அதே வகுத்தலில் 1 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்து நிமிட ஓட்டத்தில் 18,000 சுழற்சி. அங்கே மண் பிழைக்காது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருநூறு, முந்நூறு மடங்கு இடைவெளி. கூழாகும் வளையம் ஏன் அவ்வளவு குறுகல் என்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் கண்ணாடி ஏன் சலசலக்கிறது? மனித உடம்பு அதிர்வுக்கு அளவுக்கு மீறிய கூர்மை கொண்டது. பிரிட்டிஷ் விதிநூல் ஒன்று, வீட்டில் இருப்பவர் விநாடிக்கு 0.3 மில்லிமீட்டரிலேயே உணரத் தொடங்குவார், 1 மில்லிமீட்டரில் புகார் வரும் என்கிறது. ஜெர்மன் விதியோ சாதாரண வீட்டின் அடித்தளத்துக்கு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மில்லிமீட்டர், 50 ஹெர்ட்ஸில் 15 என்று அனுமதிக்கிறது. பாரம்பரியக் கட்டடத்துக்கு 3இலிருந்து 8 வரை. வைப்ரோபோல விடாமல் ஓடும் அதிர்வுக்கு மேல்தளத்தில் அளந்து, வீட்டுக்கு 5, பாரம்பரியக் கட்டடத்துக்கு 2.5 என்று இறுக்கிப் பிடிக்கிறது. நம் சுற்றுச்சூழல் துறைக்கும் சொந்தமான வழிகாட்டி வரம்புகள் உண்டு. ஆக, நீங்கள் பதறத் தொடங்கும் இடத்துக்கும் சுவர் விரிசல் விடும் இடத்துக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. இதைச் சொன்னால் குத்தகையாளர் பக்கம் பேசுகிறேன் என்று சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண வைப்ரோ ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் 0இலிருந்து 30 வரை எல்லா அதிர்வெண்ணையும் கடந்து போகிறது. 10, 15 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் வீட்டு மாடித் தளங்களும், ஹாமர்-பைல்-மண் கூட்டணியும் ஒத்ததிரும். கவனித்துப் பாருங்கள், கண்ணாடி ஆடுவது பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவில் அல்ல, இயந்திரம் அணைந்து உறுமல் தணியும் அந்தச் சில விநாடிகளில். எடைகளின் திருப்பத்தைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு முழு வேகத்துக்கு வந்தபின் வீச்சைத் திறக்கும் ஹாமர்கள் கிடைக்கின்றன. வாடகை கூட. குடியிருப்பின் நடுவே வேலை செய்பவரிடம் அதைக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

ஜார்ஜ்டவுனில் நான் இதைவிடக் கறாராக இருப்பேன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த வட்டாரத்தில், லெபோ பாசார், லெபோ குவீன் பக்கமெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் கடைவீடுகள், மரத்தளம், இரண்டு வீட்டுக்குப் பொதுவாக ஒரே சுவர். சுண்ணாம்பு மெதுவான அசைவைப் பொறுத்துக்கொள்ளும், குலுக்கலை அவ்வளவாகப் பொறுக்காது. போதாக்குறைக்கு வெல்ட் குவே பக்கம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். மேலே கொட்டிய நிரப்பில் தளர்ந்த மணல் இருந்தால், கீழே களிமண் என்ற ஆறுதல் பலிக்காது, மேலடுக்கு மணலின் சட்டப்படி நடந்துகொள்ளும். அங்கே அமுக்கி இறக்கும் இயந்திரம்தான் சரி.

சரி, தரை அதிர்வால் இறங்காது என்றேன். ஆனால் இப்படி வேலை நடந்த இடங்களின் பக்கத்தில் வீடுகள் இறங்கியிருக்கின்றனவே? இறங்கியிருக்கின்றன. குற்றவாளி வேறு.

முதலாவது குழி. களிமண்ணில் தோண்டும்போது, வெளியே நிற்கும் மண்ணின் பாரம் குழியின் அடியை மேலே தள்ளப் பார்க்கும். எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதற்குக் கைக்கணக்கு: வலிமையை 6ஆல் பெருக்கி மண்ணின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். 12 கிலோபாஸ்கல், கனமீட்டருக்கு 15 கிலோநியூட்டன் என்றால் 4.8 மீட்டரில் அடி பொங்கிவிடும். 1.5 பாதுகாப்புக் காரணி வைத்தால் 3.2 மீட்டர்தான். பைலின் நுனி கீழே உள்ள கெட்டி மண்ணில் ஊன்றியிருந்தால் நிலைமை தேவலாம், மென்மண்ணிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் பைல் வளையும், வளைந்த அளவுக்கு உங்கள் பக்கத்துத் தரை இறங்கும். உங்கள் தாமானில் தொட்டி எத்தனை மீட்டர் என்பதும், முட்டுக்கொடுக்கும் சட்டங்கள் எந்த ஆழத்தில் வருகின்றன என்பதும் வைப்ரோவின் பெயரைவிட முக்கியமான கேள்விகள்.

இரண்டாவது, நான் ஆரம்பத்திலேயே சொன்னது, பிடுங்குவது. ஷீட் பைல் வாடகைச் சரக்கு, அதனால் வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். களிமண்ணிலிருந்து வெளிவரும் பைலைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்பு தெரியாது. இரண்டு பக்கமும் சாம்பல் நிற மண் அப்பியிருக்கும், பைலின் குழிந்த வளைவுக்குள் கட்டியாக அடைந்திருக்கும், ஆட்கள் மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டித் தள்ளுவார்கள். வாரக்கணக்கில் நின்றதால் பிடி முழுதாகத் திரும்பிவிட்டது, அதனால் மண் பைலோடு பிய்ந்து வருகிறது. ஒரு பைலின் இரும்புக் கொள்ளளவு 0.116 கனமீட்டர்தான். சராசரியாக 2 சென்டிமீட்டர் மண் ஒட்டிவந்தாலே 15 சதுர மீட்டர் பரப்புக்கு 0.3 கனமீட்டர், இரும்பைப்போல் இரண்டரை மடங்கு. 30 மீட்டர் நீளச் சுவரில் 75 பைல். கூட்டினால் 31 கனமீட்டர் வெற்றிடம், நாலைந்து லோரி மண். அந்த இடத்தைச் சுற்றியுள்ள மென்களிமண் மெல்ல நகர்ந்து நிரப்பும். எங்கிருந்து நகரும்? ஒரு பக்கம் அவர்களுடைய தொட்டி, மறுபக்கம் நீங்கள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பைலை அப்படியே விட்டுவிடுவது முதல் வழி, செலவு அவர்களுடையது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், இழுப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது அதே இடத்தில் அதிரவிட்டு மண்ணைப் பிசைந்து விடுவித்துக்கொண்டு, பிறகு மெல்ல இழுக்க வேண்டும். கிரேனால் வெடுக்கென்று பிடுங்கினால் மண்ணோடு வரும். இழுக்க இழுக்கச் சிமெண்டும் பெண்டோனைட் என்ற உப்பும் களிமண்ணும் கலந்த குழம்பைக் குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து மணலைக் கொட்டினால் பாதி வழியில் அடைத்துக்கொள்ளும், கீழே பொந்து அப்படியே இருக்கும்.

மூன்றாவதாக, பிசைந்த வளையம் நீர் வடிந்து மறுபடி இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஷீட் பைலுக்கு அது அற்பம். ஸ்பன் பைல் நூற்றுக்கணக்கில் இறக்கும் இடத்தில் அற்பமில்லை. முதலில் தரை மேலே பொங்கும், மாதங்கள் கழித்துப் பொங்கியதைவிடக் கூடுதலாக இறங்கும்.

ஹாமரால் அடிக்கச் சொல்லலாமா என்றீர்கள். வேண்டாம். ஒவ்வோர் அடியும் வைப்ரோவைவிட உயர்ந்த உச்சத்தைத் தரும், சத்தமும் தாங்காது. மென்களிமண்ணில் அதனால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, மண் எப்படியும் பிசையத்தான் போகிறது. மாற்று வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து வந்த, பைலை அமுக்கி இறக்கும் இயந்திரத்தைக் கேளுங்கள். அது ஏற்கெனவே இறக்கிய பைல்களைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அமுக்கும். 1975இல் முதலாவது வந்தது, இன்று நம்மூர் வாடகைக்காரர்களிடமும் உண்டு. ஆனால் ஒட்டிய மண், பிடுங்கும் பொந்து, குழியின் அடி பொங்குவது இவையெல்லாம் அதிலும் அப்படியேதான் இருக்கும்.

விரிசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்குப் புகார் எழுதும்போது இது உதவும். நம் பக்கத்துத் தாமான் வீடுகளில் மூல வீடு பெரும்பாலும் பைலின் மேல் நிற்கும். பழசு என்றால் பக்காவ் (சதுப்புநில மரம்) கட்டை, புதுசு என்றால் கான்கிரீட். பின்னால் நாமே இழுத்துக் கட்டிய சமையலறையும், முன்னால் கார் நிறுத்தும் தளமும் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கும். தரை இறங்கினால் வீடு இறங்காது, சமையலறை இறங்கும், இரண்டும் சேரும் கோட்டில் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஒரு விரிசல் ஓடும். சுவரோரச் சிமெண்டுத் தளத்துக்கும் அடிப் பீமுக்கும் நடுவில் இடைவெளி திறக்கும், கழிவுநீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போகும். இது இறக்கத்தின் கையெழுத்து. அதிர்வின் கையெழுத்து வேறு: பூச்சில் மயிரிழை விரிசல், ஏற்கெனவே இருந்த விரிசல் நீள்வது, ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு கோடு. பக்கத்தில் பைல் வேலையோ அதிர்வோ எதுவும் இல்லாமல், பத்து வருடமாகத் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் தாமான்களும் இந்தக் களிமண்ணில் ஏராளம். பழைய விரிசலைப் புதிய வேலையின் தலையில் கட்டினால் உங்கள் நியாயமான புகாரும் சேர்ந்து அடிபடும்.

அதனால் வேலை தொடர்வதற்கு முன்பே, இரு தரப்பும் ஏற்கும் ஒரு சர்வேயரை வைத்து வீட்டின் இன்றைய நிலையைத் தேதியோடு படம் எடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மட்டக்குறிகளை மூல வீட்டுச் சுவரில் இரண்டு, சமையலறையில் இரண்டு, வெளித்தளத்தில் இரண்டு என்று தனித்தனியாகப் பதிக்க வேண்டும். எல்லாவற்றையும் வீட்டுச் சுவரிலேயே பதித்துவிட்டுப் “பார்த்தீர்களா, இறங்கவே இல்லை” என்று அறிக்கை தருவது ஒரு பழைய வித்தை. குறிகளை ஒப்பிடும் நிலையான புள்ளி தாமானுக்கு வெளியே, ஆழமான பைலில் நிற்கும் கட்டடத்தில் இருக்கட்டும். போர்லாக்கும் (துளையிட்டு எடுத்த மண் அடுக்குகளின் பதிவு) வேன் சோதனை (தகட்டை மண்ணுக்குள் சுழற்றி வலிமையை அளப்பது) முடிவும் கேளுங்கள். கையால் அடித்து இறக்கும் கம்பியான மெக்கிந்தாஷ் புரோப் அடித்த எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதாது, மென்களிமண்ணில் அது வெறுமனே சறுக்கிக்கொண்டு போகும். அதிர்வுமானியை வீட்டு அடித்தளத்திலும் மாடியிலும் வைத்து, ஹாமர் தொடங்கும், நிற்கும் விநாடிகளையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக, பைல் எடுக்கும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் கண்காணிப்புக் கருவிகளைத் தொட்டி கட்டி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், பிடுங்குவது அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்து முடிந்துவிடும். மட்டம் பார்ப்பது பிடுங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.